மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்

சென்ற மாதம் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில், குளிர்கால விடுமுறைக்கு எங்கே சுற்றுலா போவது என்ற பேச்சு வந்தது. ஜெய்ப்பூர் என்று முடிவாயிற்று. 2 நாள், 11 இடங்கள், ஒரு சொகுசுப் பேருந்து, காலை இட்லி வண்டியிலேயே. பட்டியலை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்து, "11 இடத்தை 2 ஆகக் குறைத்துக்கொண்டு, நடந்து பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர், "சார், பெரியவங்கெல்லாம் வர்றாங்க. நடக்க முடியாதவங்களுக்குத்தானே பஸ்ஸு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் காபி வந்துவிட்டதால் நான் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். காபி ஆறாது என்ற தைரியத்தில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலே ஊர்தான். நான் டெல்லிக்கு வந்து 34 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் எடுத்த நீண்ட விடுப்புகளை எண்ணிப் பார்த்தால், எல்லாம் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்யாணங்களிலும், காதுகுத்துகளிலும், இரண்டு சாவுகளிலும், ஒரு பாகப்பிரிவினையிலும் போயிருக்கின்றன. இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம் என்று அரசாங்கம் கொடுக்கும் பயணச் சலுகை இருந்தும் அதை நான் தொட்டதே இல்லை. 2024 டிசம்பரில்தான் முதல் தடவையாக, ஊருக்குப் போகாமல் கல்கத்தாவுக்குப் போனோம். (2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது என்று என் மகள் திருத்துகிறாள். என் வயதுக்காரர்கள் மன்னிப்பார்கள்.) நான், என் மனைவி, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பு மகள், 74 வயதான என் அம்மா என ஐந்து பேர். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு விடுதியில் தங்கினோம். அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக இருப்பதால் வாழையிலையும் மல்லிகைப்பூவும் காபிப்பொடியும் கிடைக்கும். அம்மாவுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

முதல் நாள் வாடகைக் கார். விடுதிக்காரரே ஏற்பாடு செய்துகொடுத்தார். 9 இடங்கள். ஓட்டுநர் நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைத் தட்டி, "பீஸ் மினிட்" என்பார். இருபது நிமிடத்தில் விக்டோரியா நினைவு மண்டபத்தைப் பார்க்க முடியுமா? வாசலிலிருந்து கட்டடம் வரைக்கும் நடந்து போய்வரவே அது சரியாகிவிடும். இரவு சாப்பிடும்போது மகளிடம், "இன்னைக்குப் பார்த்ததிலே எது பிடிச்சுது?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "எல்லா இடத்திலேயும் பார்க்கிங் நல்லாருந்துதுப்பா" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் உண்மையும் அதுதான். அம்மா பாதி நேரம் காரில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதனால் மறுநாள், "வண்டி வேண்டாம், நடக்கிறோம்" என்று அறிவித்தேன். இங்கே நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பின்வரிசை அன்பர் கேட்ட கேள்வி அன்றைய தினத்தைப் பொறுத்தவரை நியாயமானதே.

காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கினோம். 1984-ல் நாட்டின் முதல் மெட்ரோ ஓடிய தடம் இது என்று ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டேன். கையில் குறிப்பேடு. எஸ்பிளனேடிலிருந்து டல்ஹௌசி சதுக்கம், தலைமைத் தபால் நிலையம், செயின்ட் ஜான் தேவாலயம், உயர் நீதிமன்றம், டவுன் ஹால், பாபு காட், அங்கிருந்து ஆற்றோரமாகவே பிரின்செப் காட் என்பது என் திட்டம். 5 கிலோமீட்டருக்குக் குறையாது. 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரை மாற்றுவதாக அறிவிக்கும் வரைக்கும் இந்தியாவை ஆண்ட இடம் இந்தச் சதுக்கத்தைச் சுற்றித்தான் இருந்தது. டெல்லிக்காரர்களான நாம் பார்க்க வேண்டிய இடம் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. நடுவே லால் திகி என்ற குளம். வடக்கே செந்நிற ரைட்டர்ஸ் கட்டடம். 1930 டிசம்பர் 8-ஆம் தேதி பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் அதற்குள் புகுந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டார்கள். சதுக்கத்துக்கு இப்போது அந்த மூவரின் பெயர்தான். மேற்கே வெள்ளைக் குவிமாடத்தோடு தபால் நிலையம், 1868-ல் திறந்தது. அதற்கு வரைபடம் போட்ட கிரான்வில் என்பவரே உயர் நீதிமன்றத்துக்கும் இந்திய அருங்காட்சியகத்துக்கும் வரைபடம் போட்டவர்.

இதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே நான் நடந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நூறடி பின்னால் மகள், அவளுக்கும் பின்னால் மகன் கைப்பேசியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கடைசியில் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா. அவர்கள் வந்து சேரும்வரை நிற்பேன். வந்து சேர்ந்ததும், "போலாமா?" என்று கிளம்புவேன். நின்று இளைப்பாறியது நான், நடந்துகொண்டே இருந்தது அம்மா. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தேவாலயத்துக்கு நான் கொடுத்தது நான்கு நிமிடம். "1787-ல் கட்டினது, பார்த்தாச்சு, அடுத்தது" என்று வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த தெருவில் பிளாட்பாரத்துக் கல் ஒன்று இல்லை. அம்மாவின் இடது கால் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மடங்கி விழுந்தாள். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றும் ஆகாதது அவள் கும்பிடும் பாபநாச நாதர் புண்ணியம். சீப்பும் கைக்குட்டையும் விற்கும் ஒரு நடைபாதைக் கடைக்காரர் ஓடிவந்து, "மாஷிமா, மாஷிமா" என்று தூக்கி, தன் முக்காலியில் உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அம்மா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "குடிம்மா" என்று நான் அதட்டினேன். அப்போதுதான் என் மனைவிக்குக் கோபம் வந்தது. அவள் தெருவில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"அத்தை காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலே. ஏன்னு கேட்டீங்களா? குடிச்சா எங்கே போறது? உங்களுக்கென்ன, எந்தச் சுவரும் போதும்."

அன்பர்களே, அந்தக் குறிப்பேட்டில் கட்டடம் கட்டிய ஆண்டுகள் எல்லாம் இருந்தன. கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்ற ஒரு வரி இல்லை. நம் வீட்டுப் பெண்கள் வெளியூரில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எனக்குத் தெரியாத செய்தியா என்ன? தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 30 ஆண்டு கல்யாண வாழ்க்கையில் ரயில் பயணங்களில் என் மனைவி, "எனக்கு டீ வேண்டாம்" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கடைக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, கடையை அடுத்த கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து அலுவலகக் காவலாளியிடம் பேசி, பெண்கள் மூவரையும் உள்ளே அனுப்பிவைத்தார். திரும்பி வந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். நாங்கள் எட்டு கைக்குட்டைகள் வாங்கினோம்.

நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டால்தான் மக்கள் நடக்க முடியும் என்று நம்மில் பலர் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அம்மா விழுந்தது கடை இருந்த இடத்தில் இல்லை, கல் இல்லாத இடத்தில். கடை இருந்ததால்தான் தூக்க ஆள் இருந்தது. நடக்கவும் இடம் வேண்டும், அவர்களுக்கும் இடம் வேண்டும். இரண்டையும் அளந்து ஒதுக்கவேண்டும் என்றுதான் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டமும் சொல்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நல்ல நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சொன்னதற்குச் சந்தோஷம். கல் எப்போது வருமோ தெரியாது.

அன்று மாலை, மறுபடியும் காரே பேசிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். வேண்டாம் என்றது அம்மா. "ஏலே, கார்ல என்னத்தடா பாத்தேன்? முன்சீட்டு முதுகத்தான் பாத்தேன். நடக்கேன். ஆனா உன் பின்னால ஓடமாட்டேன், ஆமா" என்றாள்.

அடுத்த நாள் முறையை என் மனைவி வகுத்தாள். அம்மா முன்னால் போவாள். அவளை யாரும் தாண்டக்கூடாது. அவள் நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும். கழிப்பிடம் இருக்கும் இடத்தில் தொடங்கி, உட்கார இடம் இருக்கும் இடத்தில் முடிக்கவேண்டும். மகன் பாட்டியின் பக்கத்தில். நான் கடைசியில், கேட்டால் மட்டும் பேசலாம்.

விடுதியிலிருந்து டாக்ஸியில் நேரே செயின்ட் ஜான் தேவாலயத்துக்குப் போனோம். முந்தின நாள் நான்கு நிமிடத்தில் "பார்த்தாச்சு" என்ற அதே இடம். அம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். தோட்டத்தில் எண்கோண வடிவில் ஒரு பழைய சமாதி. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னோக்கினுடையது. உள்ளே கருநிறக் கல்லில் லத்தீன் எழுத்துகள். அம்மா மெல்ல எழுந்து போய் அந்தக் கல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு அம்மிக்கல்லு மாதிரில்லா இருக்கு" என்றாள். சும்மா இருந்த என் மகன் கைப்பேசியில் தேடினான். தேடியவன் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது! பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் இருக்கும் பாறை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் இந்தச் சமாதிக் கல்லை வைத்துத்தான் அந்தப் பாறை வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். உலகத்து நிலவியல் புத்தகங்களில் எல்லாம் இருக்கும் பெயர். "பாட்டி, இது உங்க ஊர்க் கல்லுதான்" என்று அவன் சொன்னதும், "அதான் சொன்னேம்லா" என்றாள், பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்பதுபோல. அம்பாசமுத்திரத்துக்கும் பல்லாவரத்துக்கும் உள்ள தூரத்தை நான் சொல்லவில்லை. கேட்டால்தானே பேசலாம்?

பிற்பகல் பிரின்செப் காட். வெள்ளைத் தூண்களோடு ஆற்றைப் பார்த்து நிற்கும் மண்டபம். 1992-ல் திறந்த வித்யாசாகர் பாலம் இப்போது அதன் தலைக்கு மேல் போகிறது. ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். யாராலும் படிக்க முடியாமல் கிடந்த பிராமி எழுத்தை 1837-ல் படித்துக் காட்டி, 1840-ல் 40 வயதிலேயே எல்லாம் முடிந்து போனவர். அவர் நினைவாக நகரத்தார் கட்டியது இது. மகன் கேட்டதால் சொன்னேன். கிர்நாரில் உள்ள அசோகர் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன, அதைப் படிக்க வழி திறந்தது இந்த மனிதர்தான் என்றேன். "அப்ப தமிழ்ச் சங்கத்திலே இவருக்கு ஒரு படம் மாட்டலாமேப்பா" என்றான். செயற்குழுவின் கவனத்துக்கு வைக்கிறேன்.

அங்கிருந்து ஆற்றோரமாக பாபு காட் பக்கம் நடந்தோம். பெஞ்சுகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு பெஞ்சிலும் அம்மா உட்கார்ந்தாள். ஹூக்ளி என்று நாம் சொன்னாலும் அவளுக்கு அது கங்கைதான். படியில் இறங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். நான் பின்னால் நடந்ததால் எனக்கு ஒன்று காதில் விழுந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

என் மகன் தமிழ் பேசிக்கொண்டிருந்தான்.

நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். நாம் தமிழில் கேட்போம், பிள்ளைகள் இந்தியில் பதில் சொல்வார்கள். அம்மா எங்களோடு வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. பேரனுக்கும் அவளுக்கும் இடையே இருந்த பேச்சு, "சாப்பிட்டியா", "ஆச்சு", "எங்கே போறே", "இங்கேதான்". மூன்றாம் மாடி வீட்டில் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இங்கே அவன், "பாட்டி, பள்ளம்", "பாட்டி, இந்தப் பக்கம் மேடு", "ஓரமா வாங்க, சைக்கிள் வருது", "இன்னும் ரெண்டு படி" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லியாக வேண்டியிருந்தது. இந்தியில் சொன்னால் அவளுக்குப் புரிவதற்குள் பள்ளம் வந்துவிடும். பேச்சு அப்படியே வளர்ந்தது. காட் என்றால் என்ன என்று அவள் கேட்க, அவன் விளக்க, "படித்துறைன்னு சொல்லு" என்று அவள் திருத்தினாள். ஸ்ட்ராண்ட் சாலையின் பழைய கிடங்குகளைப் பற்றி அவன் சொன்னபோது "கிட்டங்கி" என்றாள். நானே இருபது ஆண்டுகளாகக் கேட்காத நெல்லைச் சொல். தாத்தா கிட்டங்கியில் கணக்கு எழுதியது, தாமிரபரணியில் வெள்ளம் வந்த வருஷம் மூட்டைகள் நனைந்தது எல்லாம் வந்தன. அதில் பாதி எனக்கே தெரியாத செய்தி.

சங்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். அதை யாரிடம், எதற்காகப் பேசுவது என்ற சந்தர்ப்பத்தை வகுப்பறையில் உண்டாக்க முடியவில்லை. பேருந்திலும் முடியாது. பேருந்தில் பிள்ளைகள் பின்சீட்டிலும் பெரியவர்கள் முன்சீட்டிலும் உட்காருகிறார்கள். நடுவில் வீடியோவில் படம் ஓடுகிறது.

மெதுவாக நடந்ததில் நஷ்டமும் உண்டு. காலேஜ் தெருப் புத்தகக் கடைகளைப் பார்க்கவில்லை. ஹௌரா பாலத்தை டாக்ஸி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். எஸ்பிளனேடு–மைதான் தடம் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்திருந்தது. அதற்கு முன்பே வந்து பிள்ளைகளை ஏற்றியிருக்கலாம். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம், அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போக முடியாததுதான். எங்கள் நெல்லைச் சீமைக்காரரான வையாபுரிப் பிள்ளையின் நூல் சேகரிப்பு அங்கே இருக்கிறது. 6 நாளில் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தது நான்கே இடங்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று.

டெல்லிக்குத் திரும்பிய பிறகுதான் இன்னொன்று தோன்றியது. கல்கத்தாவில் 6 நாளில் அம்மா பார்த்ததில் கால்வாசியைக்கூட டெல்லியில் 9 ஆண்டுகளில் பார்க்கவில்லை. வீடு, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர், ஆஸ்பத்திரி. நம் பெரியவர்கள் பலருக்கு இந்த ஊர் இவ்வளவுதான். மருமகளோ மகனோ காரில் கூட்டிப்போகும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு.

ஆகவே பின்வரிசை அன்பருக்கு என் பதில் இது. நடக்க முடியாதவர்களுக்குத்தான் பேருந்து என்கிறீர்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு நடக்க முடியும். நம் வேகத்தில் நடக்க முடியாது, அவ்வளவுதான். நிஜமாகவே கால் முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி பிடிக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜெய்ப்பூர் போகட்டும், பணம் கட்டியாயிற்று. ஆனால் 11 இடங்களில் 7-ஐ வெட்டிவிடுங்கள். ஆம்பேர் கோட்டையில் அரை நாள் இருங்கள். பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கெங்கே என்று முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்துவரட்டும். அந்த ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது.

கூடவே ஒரு யோசனை. இந்த ஊரிலேயே மாதம் ஒரு ஞாயிறு, ஒரு கிலோமீட்டருக்கு மேற்படாத நடை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வேண்டாம், நம் ஊர்க் காற்று பெரியவர்களுக்கு ஆகாது. முதலில் லோதி தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். சையது, லோதி அரசர்களின் சமாதிகள் இருக்கின்றன, நிழல் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. கழிப்பிடத்தை என் மனைவி போய்ப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் அங்கே இருப்போம். வருகிறவர்கள் வீட்டுப் பெரியவரையும் ஒரு பிள்ளையையும் அழைத்து வாருங்கள். என்னைத் தேட வேண்டாம், நான் கடைசியில் வருவேன். முன்னால் வெள்ளை ரப்பர் செருப்பும் பச்சைச் சால்வையுமாக ஓர் அம்மாள் போவாள். அவளைத் தாண்டாமல் வந்தால் போதும்.